இரண்டு முடிச்சு போட யாங்கோன் வரை

"வராதே" என்று நேராகச் சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. "ரோடு சரியில்லை, எதுக்குச் சிரமம்" என்பார்கள். செல்விக்கு வந்த சேதியும் அப்படித்தான் வந்தது. யாங்கோனில் அவள் தம்பி சேகருக்குக் கல்யாணம். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மீதி இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் போடவேண்டும், நாத்தனார் முடிச்சு. சேகருக்குக் கூடப்பிறந்தது செல்வி ஒருத்திதான். ஆனால் சித்தப்பா போனில் எழுதியிருந்தார்: ரோடு சரியில்லை, நீ சிரமப்பட வேண்டாம், முடிச்சை என் மகள் பவானி போட்டுக்கொள்வாள்.

ரோடு நன்றாகத்தான் இருந்தது. அவர்களுக்குச் சரிப்படாதது செல்வியின் நெற்றி. புருஷன் நெஞ்சுவலியில் போய் மூன்று வருஷம் ஆகிறது.

எங்களுக்கு வேலை தாய்லாந்தின் எல்லையூரான மே சோட்டில், ஒரு சட்டைக் கம்பெனியில். நான் திருப்பூர்க்காரி, தரம் பார்க்கிறவள். பதினாறு வருஷமாகச் சட்டைகளை ஒதுக்கித் தள்ளுவதுதான் என் பிழைப்பு. கறை, கோணல் தையல், பிசிறு, எதற்கும் என்னிடம் மன்னிப்புக் கிடையாது. லைனில் எனக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர். செல்வி யாங்கோனில் பிறந்து வளர்ந்து, கட்டியவனோடு மே சோட் வந்தவள். காலர் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். இடுப்பில் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மர் கத்தரி இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. சேலை கட்டினாலும் கொசுவத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும்.

சாயங்கால டீயில் போனை என்னிடம் நீட்டினாள்.

"போகணும்" என்றாள்.

"போயி?"

"மேடையேறி முடிச்சுப் போடணும். அம்மா போன பொறவு அவனை வளத்தவ நான். தடுக்கறவங்க தடுக்கட்டும்."

"அப்பச் சனிக்கிழமை கெளம்பு. நானும் வர்றேன். திங்கட்கிழமை லைன் ஓடறதுக்குள்ள திரும்பிரலாம்."

கட்டிங் மேசையில் இருக்கிற நோ மூ, கரேன் பெண், எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவளும் பையைத் தூக்கினாள். எங்கள் மூவருக்கும் ஒரு கம்பெனி பாஷை உண்டு. பாதி பர்மியம், கொஞ்சம் தாய், கொஞ்சம் தமிழ், மிச்சம் கை ஜாடை. சண்டை போடவும் அது போதும்.

பாலமும் அந்தப் பக்கத்து ரோடும் ஒருசேரத் திறந்திருந்த வருஷங்களில் நடந்தது இது. இப்போது அப்படி ஒரு நாள் அமைவதே அபூர்வம்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்தோம். தாய்லாந்தில் நம்மூர் மாதிரி இடப்பக்கம் ஓடுகிற வண்டிகள், பர்மாவுக்குள் வலப்பக்கம் ஓடவேண்டும். பாலத்தருகே எல்லா வண்டியும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பக்கம் மாறுகின்றன. கடிகாரத்தையும் அரைமணி நேரம் பின்னால் தள்ளி வைக்கவேண்டும். "கல்யாணத்துக்குப் போறப்ப அரைமணி லாபம்" என்றாள் செல்வி. போகும்போது வாங்கியதைத் திரும்பும்போது கொடுக்கவேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் அப்போது தோன்றவில்லை.

அந்தப் பக்கம் டிரைவர் கோ டுன் காத்திருந்தார். கன்னத்தில் வெற்றிலை அடக்கிய மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருடைய பழைய ஜப்பான் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ரோட்டிலும் வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும். ஆக, முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். ஊரிலுள்ள வண்டி பெரும்பாலும் இப்படித்தானாம். இடப்பக்கம் உட்கார்ந்தவள் நான்.

"யா-லா?" என்பார் கோ டுன். ஆகுமா என்று அர்த்தம். ஆகுமென்றால் "யா-டே", ஆகாதென்றால் "மயா-பூ". ஏறின பத்து நிமிஷத்தில் நான்கு உயிர் என் வாயில் இருந்தது. கம்பெனியில் நாள் முழுக்க ஆகாது ஆகாது என்று சொல்கிற வாய் இது. அதே பழக்கத்தில் மயா-பூ, மயா-பூ என்று மூங்கில் லாரி ஒன்றின் பின்னாலேயே ஒரு மணி நேரம் அவரை ஓட்டவைத்தேன். செல்வி பொறுக்கமாட்டாமல், "இந்த வேகத்துல போனா அவங்க புள்ளைக்குக் காதுகுத்துக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றாள். ரோஷத்தில் அடுத்த தடவை யா-டே என்றேன். எதிரே ஒரு பஸ். கோ டுன் வண்டியை ஓரச் சேற்றில் இறக்கினார், பின் டயர் ஒரு கல்லில் ஏறிப் பஞ்சராகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

வண்டி நின்ற இடம் ரப்பர் தோட்டத்து ஓரம். நல்லவேளையாகப் பக்கத்தில் ஒரு டீக்கடை. மொஹிங்கா கிடைத்தது. மீனைக் கரைத்த குழம்பில் சேமியா, மேலே வாழைத்தண்டு. ஊரில் கல்லடைப்புக்காரர்களுக்கு மருந்தாகக் கொடுக்கிற வாழைத்தண்டு மீனோடு இத்தனை பாந்தமாகச் சேரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

கடைக்காரம்மா கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூசி, கொண்டையில் மல்லிகை செருகியிருந்தார். எங்கே போகிறோம் என்று விசாரித்தார். தம்பி கல்யாணத்துக்கு என்றாள் செல்வி.

"மாப்பிள்ளைக்கு அக்காவா? அப்புறம் ஏன் தலையில பூ இல்லை?"

செல்வி காரணத்தைச் சொன்னாள். அந்தம்மாவுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னாள். "என் புருஷனும் செத்து ஆறு வருஷம் ஆச்சு" என்றார் அவர், அதற்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்கிற மாதிரி. தன் தலையிலிருந்த சரத்தில் பாதியைக் கிள்ளிச் செல்வியின் கொண்டையில் வைத்துவிட்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.  எங்கள் ஊரில் என் பெரியக்கா, முப்பத்தொரு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், அவள் மகன் கல்யாணத்திலேயே தூணுக்குப் பின்னால் நின்றாள். நானும் அப்போது வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

யாங்கோனுக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. எத்தனை நெரிசல் இருந்தும் ரோட்டில் என்னவோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஒரு பைக் கூட இல்லை. ஊருக்குள் அதற்கு அனுமதி கிடையாதாம். திருப்பூரில் பைக்கை எடுத்துவிட்டால் பாதி ஜனத்துக்கு நடக்கவே மறந்திருக்கும்.

சேகர் வீடு பசுந்தாங் என்கிற பேட்டையில் நான்காவது மாடி. அந்தத் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு வாசல் வரை தொங்குகிறது, நுனியில் ஒரு கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவார். செல்வி கயிற்றை இழுத்தாள். ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சாவி வரவில்லை.

"பவானி" என்றாள் செல்வி. திரும்ப இழுத்தாள். பிறகு விடவே இல்லை. மணி அடித்த அடியில் எதிர்வீடு, பக்கத்துவீடு, கீழே வடை சுடுகிறவர், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "மா வின் வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். செல்விக்குத் தெருப் பெயர் அது. இங்கே தமிழருக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர். தெருவே பார்த்தபிறகு சாவி இறங்கி வந்தது.

மேலே சித்தப்பா கதவருகிலேயே நின்றார். கோயில் கமிட்டிக்காரர், லுங்கியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக. எல்லோரும் அவரை 'ஊ ராமு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊ என்பது பர்மாவில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை.

"வாம்மா. பிரயாணம் சொகந்தானா?" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க ஊருலேருந்து வந்தவுகளா? எந்த ஜில்லா?"

"திருப்பூருங்க."

"கோயமுத்தூர் ஜில்லா."

"இப்பத் தனி ஜில்லாங்க."

"தனியாப் போயிருச்சா" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். காபி வந்தது. அதைக் குடித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார். "வந்ததே சந்தோசம். ஆனா மேடைக்கு வேணாம்மா. பொண்ணு வீட்டுக்காரவுக இன்சீன் பக்கம், ரயில்வே குடும்பம். சாஸ்திரம் ரொம்பப் பாப்பாக. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் உன் தலையிலதான் விடியும். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

உன் நல்லதுக்கு என்று வருகிற எதையும் நான் முழுசாகக் கேட்பதில்லை. "ஏனுங்க, இன்சீன்காரங்க உங்ககிட்ட வந்து இப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லணுமா? நமக்கே தெரியாதா?"

"அப்பச் சொல்லலை."

அவர் லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.  செல்வி அவரைப் பார்க்கவே இல்லை, சேகரைப் பார்த்தாள். ஜன்னலோரம் நின்றிருந்தான், மருதாணிக் கையோடு. அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். காலி டம்ளர்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான்.

ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தவளுக்கு அந்த இடத்தில் உயிர் போய்விட்டது. "வாயே தொறக்கலை, பாத்தியா" என்றாள் பாயை விரிக்கும்போது. மறுநாள் விடியலில் குளித்துச் சேலை கட்டியவள், "பின்னால ஒக்காந்து பாத்துட்டுப் போயிரலாம்" என்றாள். எனக்குக் கொதித்தது. பின்னால் உட்கார்ந்து பார்க்கத்தானா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தோம் என்று கத்தினேன். நோ மூ நேற்றைய மல்லிகையைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறி, செல்வியின் தலையில் திரும்ப வைத்தாள்.

கோயில் மண்டபத்தில் ஒரு பக்கம் பட்டுச் சேலை, ஒரு பக்கம் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பர்மியத் தமேன். பிள்ளைகள் எல்லாம் பர்மியத்தில்தான் சண்டை போட்டார்கள். தவிலும் நாதஸ்வரமும் மட்டும் கண்ணை மூடிக் கேட்டால் எங்கள் ஊரேதான். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தோம். அந்த இடத்தை ஏற்கெனவே காட்டி வைத்திருந்தார்கள்.

பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், பெயர் தேவி. பின்னால் விளக்கோடு பவானி. கெட்டிமேளம் எழும்பியது, அட்சதை பறந்தது, சேகர் குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். பவானி கையை நீட்டினாள். சேகர் கயிற்றை விடவில்லை.

இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்தபடி நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தான். ஐயர் பக்கத்திலிருந்த மைக்கில் அவன் குரல் விழுந்தது. "அக்கா வரட்டும்."

"நேரமாகுதுப்பா" என்றார் ஐயர்.

"வரட்டும்."

மூன்று முடிச்சும் விழாமல் கெட்டிமேளம் நிற்கக்கூடாது. தவில்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். ஜனங்கள் கையிலிருந்த அட்சதை தீர்ந்து வெறுங்கையோடு நின்றார்கள். சித்தப்பா எழுந்துபோய் அவன் காதில் என்னவோ சொன்னார். "கை வலிக்குது சித்தப்பா, சீக்கிரம் கூப்பிடுங்க" என்று அவன் சொன்னதும் மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. பவானி விளக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று வழிவிட்டாள். அவளுக்கு விட்டால் போதுமென்று இருந்திருக்கும் போல.

செல்வி அசையவில்லை. முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிள்ளிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. அப்புறம்தான் எனக்கு அந்த வார்த்தை வந்தது.

"செல்வி, லைன் நிக்குது."

கம்பெனியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் சோற்றுக் கையோடு ஓடுகிறவள் அவள். எழுந்துவிட்டாள். நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள். மேடையேறி, தம்பி கையிலிருந்த நுனிகளை வாங்கி, இரண்டாம் முடிச்சு, மூன்றாம் முடிச்சு. இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். கெட்டிமேளம் நின்றது. எங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிட்டாள் என்று நான் நினைத்து முடிக்கவில்லை, அவள் கை இடுப்புக்குப் போனது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமில்லை. முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி அவள் கண்ணுக்குப் பிசிறு. ஒரு நாளைக்கு ஆயிரம் காலரில் செய்கிற வேலையை ட்ரிம்மர் தானாகச் செய்துவிட்டது. 'டிக்' என்று மைக்கில் கேட்டது.

தாலிக் கயிற்றில், தாலி கட்டிய நிமிஷத்திலேயே, கத்தரி. வைத்தவள் புருஷனை இழந்தவள்.  சித்தப்பா பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். செல்வி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போச்சு, சொல்லிக் காட்ட ஆயுசுக்கும் ஒரு கதை கொடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது பெண் தலையைத் தூக்கினாள். பிடரியைத் தேய்த்துக்கொண்டு பர்மியத்தில் என்னவோ சொன்னாள். பெண் வீட்டுப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் சிரித்தவர் பெண்ணின் அம்மா. பிறகு அந்த வரிசை முழுக்க.

"என்ன சொன்னா?" என்று நோ மூவை உலுக்கினேன்.

"'நல்லதாப் போச்சு, அந்த நுனி கழுத்துல குத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு பக்கமும் குத்துது மமா, அதையும் வெட்டுங்க' ன்னா." மமா என்றால் அக்கா.

செல்வி மற்ற நுனியையும் வெட்டினாள். இந்தத் தடவை தெரிந்தே வெட்டினாள். கையில் இரண்டு துண்டு மஞ்சள் கயிறு, தரையில் போட்டால் மிதிபடும். இறங்கி வந்தவளிடமிருந்து நோ மூ அவற்றை வாங்கி ஒன்றாகச் சேர்த்து அவள் மணிக்கட்டிலேயே கட்டிவிட்டாள். மஞ்சள் கயிறு கட்டிய கையோடு செல்வி மண்டபம் முழுக்க நடந்தாள், தண்ணீர் குடித்தாள், பெண்ணின் அம்மாவோடு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

பந்தியில் வாழையிலை, சாம்பார், வடை, பாயசம். எல்லாம் முடிந்ததும் ஊறவைத்த தேயிலையை எள்ளும் வறுத்த பூண்டுமாகக் கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள், நம்மூரில் வெற்றிலை கொடுக்கிற மாதிரி. கசப்பாகத் தொடங்கி விடவே முடியாமல் போகிற தீனி அது. எதிர் இலையில் ஊ ராமு. "உங்க ஜில்லாவுல இப்படித்தான் செய்யறதா?" என்றார்.

"இல்லீங்க. எங்க ஜில்லாவுல விடமாட்டாங்க. அதுதான் இங்க வந்து செஞ்சோம்" என்றேன்.

 அவர் எழுந்திருக்கும்போது தன் பக்கமிருந்த தேயிலைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

வண்டி வரை சேகர் வந்தான். செல்வி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "நேத்து ஏண்டா ஊமையாட்டம் நின்னே?"

"நேத்துப் பேசியிருந்தா விடிய விடியப் பஞ்சாயத்து வச்சிருப்பாங்க அக்கா. தாலி கையில இருக்கறப்ப என்கிட்ட யாரு சண்டைக்கு வருவா?"

அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டோம்.

திரும்பும் வழியில் கோ டுன் என்னைப் பின் ஸீட்டுக்கு அனுப்பிவிட்டு நோ மூவை முன்னால் உட்காரவைத்தார். மழை பிடித்தது. செல்வி கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். பாலத்துக்கு வந்து பார்த்தால் இந்தப் பக்கக் கடிகாரம் அரைமணி முன்னால் நிற்கிறது, கேட்டை மூடுகிற நேரம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். கேட்டை இழுத்துக்கொண்டிருந்த சிப்பாய் செல்வியின் தலைப் பூவைப் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று தாய் பாஷையில் கேட்டு வழிவிட்டான்.

திங்கட்கிழமை காலை, வெள்ளைச் சட்டை ஆர்டர். பதினோரு மணி இருக்கும், ஒரு காலரைத் திருப்பினேன். உள்பக்கம் சுண்டுவிரல் அகலத்துக்கு மஞ்சள் கறை. ஈரக் கயிறு உரசிய இடம். சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தேன். நிமிர்ந்தால் லைன் கடைசியிலிருந்து செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அருகில் வந்தாள். கறையைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். "கயித்தைக் கழட்டிரட்டா?"

"நான் கேட்டனா? போய் லைனைப் பாரு."

சட்டையை மடித்தேன். கவரில் போட்டேன். பாஸ் முத்திரையைக் குத்திப் பெட்டியில் வைத்தேன். பதினாறு வருஷத்தில் கறை என்று தெரிந்தே நான் அனுப்பிய சட்டை அது ஒன்றுதான். எந்த ஊரிலோ யார் கழுத்திலோ அது இருக்கும். என்றைக்காவது துவைப்பார்கள். சோப்புப் பட்டால் மஞ்சள் போகாது, சிவக்கும்.